கேம் டிசைனர் ஆகணுமா? முதலில் ஒரு ஜம்ப்பை உருப்படியாகச் செய்யுங்கள்

கேம் டிசைனர் ஆக எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று கேட்கும் பிள்ளைகள் நிறைய. லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுவதற்கு முன் கேம் செய்யும் சாஃப்ட்வேரான கோடோ (Godot) என்ஜினை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். சுமாரான லேப்டாப்பிலேயே 2டி கேம் செய்யலாம். கதை, ஆர்ட், மியூசிக் எதுவும் வேண்டாம். ஒரு பெட்டி ஓடணும், குதிக்கணும். அவ்வளவுதான். ஆனால் அது கச்சிதமாகக் குதிக்கணும்.

கிராவிட்டிக்கு ஏதோ ஒரு எண்ணைப் போட்டுத் தடவிக்கொண்டிருக்காதீர்கள். எவ்வளவு உயரம், உச்சிக்குப் போக எவ்வளவு நேரம் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். ஒரு டைல், அதாவது கேமின் தரையை அடுக்கும் சதுரக் கட்டம், 16 பிக்சல். 4 டைல் உயரம், அதாவது 64 பிக்சல், 0.4 வினாடியில். உயரத்தை இரண்டால் பெருக்கி நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிராவிட்டி 800. வெறும் நேரத்தால் வகுத்தால் ஜம்ப் வேகம் 320. கோடோவில் மேல்திசை மைனஸ், அதனால் -320. பிளஸ் ஒன் பிசிக்ஸ்தான் இது. இறங்கும்போது கிராவிட்டியை 1200 ஆக்குங்கள், இல்லாவிட்டால் பலூன் மாதிரி மிதக்கும்.

இனிதான் டிசைன். காற்றில் இருப்பது மொத்தம் 0.73 வினாடி. ஓட்டம் வினாடிக்கு 160 பிக்சல் என்றால் 116 பிக்சல் தாண்டும். பெட்டியின் அகலம் 12 பிக்சலையும் சேர்த்தால் 128, அதாவது 8 டைல். முதல் லெவலிலேயே 8 டைல் பள்ளம் வைத்தால் ஆடுகிறவர் ஒரு ஃபிரேம் (திரையில் ஒரு படம் நிற்கும் நேரம்) முந்தி அழுத்தினாலும் விழுந்துவிடுவார். 5 வையுங்கள். விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 வினாடி வரை ஜம்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். 2018இல் வந்த செலஸ்ட் கேமில் இருப்பதும் இதே 0.1தான். ஒரு டைல் அளவு மன்னிப்பு. ஆடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது, "கன்ட்ரோல் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்வார்.

பிறகு கேமே ஆடாத நாலைந்து பேரிடம் கொடுங்கள். பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளுங்கள். இது ரொம்ப முக்கியம்: "அங்க இல்ல, மேல போ" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்த டெஸ்ட் வீண். எங்கே செத்தார், எங்கே முழித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். ரெண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மூன்று நிமிட கேம் போதும். கேம்களை வெளியிடும் இட்ச் (itch.io) தளத்தில் பிரவுசரிலேயே ஆடும்படி ஏற்றுங்கள், இறக்கிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. ஏற்றும் ஜிப்புக்குள் இருக்கும் எச்டிஎம்எல் ஃபைலின் பெயர் இண்டெக்ஸ் (index.html) என்று இல்லாவிட்டால் ஓடாது. கோடோ 4இல் சி ஷார்ப் மொழியில் எழுதினால் பிரவுசருக்கு மாற்றும் வெப் எக்ஸ்போர்ட்டே கிடையாது, கோடோவின் சொந்த மொழியான ஜிடி ஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள். கூடவே ஒரு பக்கத்தில் எந்த எண்ணை ஏன் மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் பேச உங்களுக்கு இருக்கும் சரக்கு அதுதான். 60 பக்க டிசைன் டாக்குமென்ட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

சின்ன கேம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். டொராண்டோவில் செய்த வெண்பா, ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சுற்றி நடக்கும் சின்ன கேம். 2024இல் அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குத்தான்.

வேலை என்று வரும்போது மொபைல் கம்பெனிகளில் டிசைனரின் நாள் பெரும்பாலும் எக்செல்லில்தான் போகும்: எந்த லெவலில் எத்தனை காயின், எங்கே ஆட்கள் விட்டுப் போகிறார்கள். அந்த ஷீட்டைப் பார்த்துச் சலிப்பு வராதவர்கள் தாராளமாக வாருங்கள். டெஸ்டிங் வேலை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கிருந்து டிசைன் டீமுக்கு ஆள் எடுத்த வழக்கம் அந்தக் கம்பெனியில் உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.