ஜெர்மனியின் 'குளியல் தொட்டி' அட்டையால் செய்ததா?

"1939இல் போலந்துக்குள் அட்டைக் கார்களை ஓட்டிப்போய் ஏமாற்றியது ஜெர்மனி" என்ற வரியோடு, கூரையில்லாத சிறு ராணுவ வண்டி ஒன்றின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பார்க்க அட்டைப்பெட்டி போலத்தான் இருக்கிறது. ஆனால் அது எஃகு.

வண்டியின் பெயர் கே.எஃப்.இசட். 13. 1930களின் தொடக்கத்தில், ஆட்லர் பயணிகள் காரின் அடிச்சட்டத்தின் மேல் 8 மி.மீ. வரை தடிமனுள்ள கவசத் தகடுகளைப் பொருத்திச் செய்தார்கள். ஓட்டுநர் ஒருவர், இயந்திரத் துப்பாக்கிக்கு ஒருவர், அவ்வளவுதான். வீரர்களே இதைக் 'குளியல் தொட்டி' என்று கேலி செய்தார்கள்.

வதந்திக்கு விதை இல்லாமல் இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தத்தின் 171ஆம் பிரிவு, ஜெர்மனி டாங்கிகளையும் கவச கார்களையும் தயாரிக்கக் கூடாது என்றது. அதனால் 1920களில் சிறிய கார்களின் மேல் அட்டை, மரப்பலகை, தகரம் கட்டி டாங்கி போல் ஜோடித்துப் பயிற்சி நடத்தினார்கள். அந்தப் படங்களும் உண்மையே. யாரோ இரண்டையும் ஒரே கதையாக்கிவிட்டார்கள்.

கே.எஃப்.இசட். 13 போலந்துப் போரில் ஓடியது நிஜம், உளவு பார்க்கும் பிரிவுகளில். அங்கே அதன் குறை வேறு: பின்சக்கரங்களுக்கு மட்டுமே இழுவிசை. சாலையில் பறக்கும், சேற்றில் இறங்கினால் திணறும். மேலிருந்து ஒரு கையெறி குண்டு விழுந்தால் தடுக்க எதுவுமில்லை.