பேட்டரி தீர்ந்தாலும் பழைய சாவி வேலை செய்யும்

பழைய பூட்டின் மேல் மாட்டும் ஸ்மார்ட் லாக்கில் பேட்டரி தீர்ந்தால், கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பொதுவாக அப்படி இல்லைங்க.

ஆகஸ்ட் (August) என்ற நிறுவனத்தின் ஸ்மார்ட் லாக் போன்றவை, அமெரிக்க டெட்போல்ட்டின் (சாவியைத் திருப்பினால் கதவுச் சட்டத்துக்குள் நீளும் தாழ்ப்பாள்) உள்பக்கத்தில் கையால் திருப்பும் குமிழை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காருகின்றன. வெளியே இருக்கும் சாவித்துளையைத் தொடுவதே இல்லை. நாம் கையால் திருப்புவதை மோட்டார் திருப்புகிறது, அவ்வளவுதான். சாவித்துளையே இல்லாத முழுப் பூட்டுகளும் கடையில் உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

ஐரோப்பிய சிலிண்டர் பூட்டில் (சாவி போடும் உருளையில் இரு பக்கமும் சாவித்துளை இருக்கும் வகை) மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூக்கி (Nuki) நிறுவனத்தின் ஸ்மார்ட் லாக் போன்றவை உள்பக்கம் செருகிய சாவியைப் பிடித்துத்தான் திருப்பும். சில சிலிண்டர்களில் உள்ளே சாவி இருந்தால் வெளிச்சாவி திரும்பாது. உங்களுடையது எப்படி என்று வாங்கும் முன்பே பார்த்துவிடலாம்: கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு (தயவுசெய்து மூடிவிட்டுச் சோதிக்காதீர்கள்!) உள்ளே ஒரு சாவியைச் செருகிச் சற்றே திருப்பி விடுங்கள். பிறகு வெளியிலிருந்து இன்னொரு சாவியைப் போட்டுத் திருப்புங்கள். திரும்பினால் பேட்டரி தீர்ந்தாலும் கவலையில்லை. திரும்பாவிட்டால், இரண்டு பக்கமும் சாவி இருக்கும்போதே இயங்கும் சிலிண்டரை முதலில் மாற்றுங்கள்.