கம்யூனிகேஷன் கட்டத்தில் 2 மார்க்

போன மாதம் எங்கள் சாஃப்ட்வேர் டீமுக்கு ஆள் எடுக்கும் பேனலில் என்னையும் உட்கார வைத்தார்கள். வீடியோ காலில் வந்தது குலசேகரம் பக்கத்துப் பிள்ளை. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் மொட்டைமாடியில் லேப்டாப்பை வைத்திருந்தாள். பின்னால் கொடியில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகும் அப்பாவின் மகள் நானும். அந்தக் கொடியைப் பார்த்ததுமே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கூட இருந்தவர் வழக்கம்போல "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார். மனப்பாடமாக நாலு வரி வந்தது, ஐந்தாவதில் தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்து பைனரி சர்ச், வரிசையாக அடுக்கிய பட்டியலைப் பாதிபாதியாகப் பிரித்து ஒன்றைத் தேடும் முறை. சட்டென்று எழுதிவிட்டாள். விளக்கச் சொன்னால் பேச்சில்லை. நடுப்புள்ளி கண்டுபிடிக்க தேடும் பகுதியின் தொடக்கமான லோ, முடிவான ஹை இரண்டையும் கூட்டி 2-ஆல் வகுக்கும் வரியிலேயே கர்சர் துடித்துக்கொண்டு நின்றது.

நான் குறுக்கே புகுந்தேன். "மக்ளே, நம்ம ஊரு பேச்சுலயே சொல்லு."

"அக்கா, ரெண்டும் பெரிய நம்பரா இருந்தா கூட்டும்போ நெறஞ்சி வழிஞ்சி மைனஸ்ல போயிருமில்லா? அதான் இந்த வரிய மாத்தணுமோன்னு பாக்கியேன்."

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஜாவா என்ற புரோகிராம் மொழியில் ஒரு இன்ட், அதாவது முழு எண்ணை வைக்கும் இடம், 214 கோடி சொச்சம் வரைதான் தாங்கும், அதைத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். ஜாவாவோடு வரும் ஆயத்த லைப்ரரியின் கோடிங்கிலேயே இந்தப் பிழை ஏறத்தாழ 9 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அந்தக் கோடிங்கை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதை வெளிப்படையாக எழுதினார். ஹையிலிருந்து லோவைக் கழித்து, பாதியாக்கி, லோவோடு கூட்டினால் சரியாகிவிடும். அதையும் அவளே சொன்னாள், தமிழில்.

ஃபீட்பேக் ஃபார்மில் வந்தது: டெக்னிக்கல் 4, கம்யூனிகேஷன் 2. முடிவு, ஹோல்ட், அதாவது இப்போதைக்கு நிறுத்திவைப்பு.

எனக்கு இது புதிதல்ல. 2014-இல் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போய், எழும்பூர் ஸ்டேஷனில் முகம் கழுவி, சுடிதார் மாற்றி ஒரு கம்பெனிக்கு ஓடினேன். குரூப் டிஸ்கஷனில் எட்டுப் பேர். எனக்கு ஒரு வாய் திறக்க இடம் கிடைக்குமுன் நேரம் முடிந்தது. நான் எழுதிய ஒரு வரி கோடிங்கைக்கூட யாரும் பார்க்காமலே மார்த்தாண்டத்துக்குத் திரும்பி வந்தேன்.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளையன்ட் கால் இருக்கிறது, டிக்கெட் என்கிற சிக்கல் குறிப்பு எழுதணும், டாக்குமென்டேஷன் வாசிக்கணும். அதெல்லாம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதத்தில் பழகிவிடும், எனக்குப் பழகிற்று. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீஸில் பாதிச் சிக்கல் மலையாளத்திலும் தமிழிலும்தான் தீர்கிறது. ராத்திரி புரொடக்ஷன், அதாவது கிளையன்ட் பயன்படுத்தும் சிஸ்டம், விழுந்தால் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பக்கத்தில் வேண்டியது, சந்தேகம் வந்த வரியில் கர்சரை நிறுத்துகிற ஆள்.

கேள்விகளும் அப்படித்தான். நாம் தினமும் செய்வது இன்னொருவர் எழுதிய கோடிங்கை வாசித்து எங்கே உடைகிறது என்று தேடுவது. இன்டர்வியூவிலோ 45 நிமிடத்தில் புதிர் விடுவிக்கச் சொல்கிறோம். கூகுளில் மனிதவளத்துக்குத் தலைவராயிருந்த லாஸ்லோ பாக், மூளைப் புதிர்க் கேள்விகள் முழு நேர விரயம் என்று 2013-லேயே சொல்லிவிட்டார். நம் பேனல்களுக்கு இன்னும் அந்த மோகம் விடவில்லை.

குழித்துறையிலிருந்தும் இரணியலிலிருந்தும் காலை ரயிலில் திருவனந்தபுரத்துக்கு ஃபைலும் கையுமாகப் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது. பேனலில் உட்காரும் நம்ம ஊர்க்காரர்களே, அவர்களை முதலில் அவர்கள் பேச்சில் பேசவிடுங்கள்.

அந்தப் பிள்ளை இன்னும் ஹோல்டில்தான் இருக்கிறாள். அவள் சொன்னதை வரிக்கு வரி எழுதி மேனேஜருக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்கிறேன்.