காதல் நாடகத்துல மெசேஜ் தேடாதீங்க

போன வெள்ளிக்கிழமை ஒரு யுனிவர்சிட்டி தியேட்டர்ல ஸ்டூடண்ட்ஸே டைரக்ட் பண்ண குட்டி நாடகங்கள் பாத்துட்டு வந்தேன். மொத்தம் 4, ஒவ்வொன்னும் 15, 20 நிமிஷம், எல்லாமே காதல். அதுல ஒன்னு மட்டும் இன்னும் மனச விட்டுப் போகல.

மேடைல ரெண்டு பிளாஸ்டிக் சேர், அதான் பஸ் ஸ்டாப். ஒரு பையன் வந்து ஒரு பொண்ணுகிட்ட டிபன் பாக்ஸ திருப்பிக் குடுக்கறான். அவ மூடியத் தொறந்து மோந்து பாக்கறா. “கழுவிட்டியா”ங்கறா. “ம்”ங்கறான். அப்புறம் பேச்சே இல்ல, அவ மூடிய மூடறா தொறக்கறா, மூடறா தொறக்கறா, அந்த டக்கு டக்கு சத்தம் மட்டும் ஹால் முழுக்க கேக்குது. பஸ்ஸோட லைட் வருது, ஏறிப் போயிடறா. ஐ லவ் யூ கிடையாது, தொட்டுக்கல, அழுகை இல்ல. எனக்குப் பக்கத்துல இருந்த அக்கா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

முடிஞ்சதும் கலந்துரையாடல். மொத ஆளா ஒரு பெரியவர் மைக்க வாங்கி “இதுல சமுதாயத்துக்கு என்னம்மா மெசேஜ்?”னாரு. டைரக்ட் பண்ண பொண்ணு முழிச்சுட்டு “அடுத்த தடவ சேத்துக்கறேன் சார்”னுச்சு. வயிறு எரிஞ்சுது எனக்கு. ஹாஸ்டல் கேட் மூடறதுக்குள்ள ரிகர்சல முடிக்கணும்னு ஓடி ஓடி பண்ண நாடகங்க அது.

காதல் நாடகம்னாலே கடைசில யாராச்சும் சாகணும், இல்லனா சாதி, வரதட்சணைன்னு ஒரு பிரச்சன உள்ள வரணும். அதெல்லாம் வேணாம்னு சொல்லல, ஆணவக் கொலை நடக்குற ஊர்ல அதப் பேசித்தான் ஆகணும். ஆனா ரெண்டு பேரு ஒருத்தர ஒருத்தர் விரும்புறது மட்டும் மேடைக்குப் போதாதுன்னு யாரு சொன்னா?

குறுந்தொகைய எடுத்துக்கோங்க, 401 பாட்டு, பெரும்பாலும் 4லேருந்து 8 வரிக்குள்ள, அநேகமா எல்லாம் ஒரு ஆளு இன்னொரு ஆளுகிட்ட பேசறதுதான், தலைவி தோழிகிட்ட, தோழி தலைவன்கிட்ட. யாருக்கும் பேரு கூட கிடையாது, அகப்பாட்டுல பேரு சொல்லக்கூடாதுங்கறது தொல்காப்பியம் வச்ச விதி. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளோட வள்ளி திருமணம் நாடகத்துல, தினைப்புனத்துல கிளி விரட்டுற வள்ளிகிட்ட முருகன் வேடனா வந்து மானத் தேடறேன்னு ஆரம்பிப்பாரு, தேடற மானே அவதான். ரெண்டு பேரும் பண்ற அந்தத் தர்க்கத்த மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவுல சனம் விடிய விடிய உக்காந்து கேக்குது. அங்க மெசேஜ் என்னன்னு யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. சங்கரதாஸ் சுவாமிகள் பேரத்தான் புதுச்சேரி பல்கலைக்கழகம் தன்னோட நிகழ்கலைப் பள்ளிக்கே வச்சிருக்கு.

வெளிய வந்து டைரக்ட் பண்ண பொண்ணுகிட்ட சொன்னேன், எதையும் சேக்காதம்மா, அப்படியே விடுன்னு. வாத்தியாருங்க, விமர்சகருங்க எல்லாருக்கும் சொல்றேன், கேள்வி கேக்கணும்னா வேற கேளுங்க. பையன் ஏன் நமக்கு முதுகக் காட்டி நின்னான், பஸ் லைட்டு ஏன் ரெண்டு செகண்ட் லேட்டு, மூடிய எத்தன தடவ தொறக்கணும்னு எப்படி முடிவு பண்ணீங்க. இதக் கேட்டுப் பாருங்க, அந்தப் பசங்க ராத்திரி பூரா உக்காந்து பேசுவாங்க.