வாட்டர் பம்ப் உண்டு, அதன் சீல் கிடையாது

காரின் கம்பெனி வாரன்டி முடியப்போகிறது என்றால், அதற்குப் பிறகான ரிப்பேருக்குத் தனியாக வாரன்டி விற்கும் வெளியாட்கள் எப்படித்தான் மோப்பம் பிடிப்பார்களோ, போன் மேல் போன் வரும். "சார், எல்லாமே கவர் ஆகும், நீங்க நிம்மதியா ஓட்டுங்க." நானும் அந்த நிம்மதியை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினேன்.

ஒருநாள் டெம்பரேச்சர் முள் கிடுகிடுவென ஏறியது. ஓரங்கட்டுவதற்குள் போனட் இடுக்கிலிருந்து ஆவி. வாட்டர் பம்ப்பில் ஒழுகாமல் தடுக்கும் சீல் கிழிந்து, இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் முழுக்க ஒழுகி, இன்ஜின் சூடேறி, இன்ஜினின் மேல்பகுதியை இறுக்கமாக அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. வாரன்டிக்காரர்களைக் கூப்பிட்டால், "முதலில் இன்ஜினைப் பிரித்துக் காரணத்தைக் காட்டுங்கள்" என்றார்கள். பிரித்தோம். பதில் வந்தது: கவர் ஆகும் பாகங்களின் பட்டியலில் வாட்டர் பம்ப் இருக்கிறது, சீல் இல்லை. சீல், ஹோஸ், பெல்ட் எல்லாம் தேய்மானச் சாமான்களாம். கவர் ஆகாத பொருளால் வந்த சேதமும் கவர் ஆகாதாம். ஆக, கேஸ்கெட்டும் என் தலையில். பிரித்த கூலியும் என் தலையில்.

கோபம் ஆறியபிறகுதான் அந்தக் காகிதத்தை முழுசாகப் படித்தேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, எல்லாம் அதில் இருந்தது. போனில் பேசியவர்தான் அதைப் படித்திருக்க மாட்டார்.

இந்த மாதிரி வாரன்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கவர் ஆகும் பாகங்களை மட்டும் பட்டியல் போடுவது. பட்டியலில் இல்லாதது எதுவும் கிடையாது. இன்னொன்று, ஆகாதவற்றை மட்டும் சொல்லி மீதி எல்லாவற்றையும் ஏற்பது. விலை கூடுதல், ஆனால் ஓரளவு நம்பலாம். எதுவானாலும் ஆயில் மாற்றிய பில் ஒன்று காணாமல் போனால் க்ளெய்ம் தள்ளுபடி ஆகலாம். அவர்களிடம் கேட்காமல் மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தாலும் அதே கதைதான்.

அப்புறம், விற்பவர் ஒருவர், க்ளெய்மை முடிவு செய்பவர் இன்னொருவர், பணத்துக்குப் பொறுப்பேற்கும் காப்பீட்டு நிறுவனம் மூன்றாவது. அந்த மூன்றாவது பெயர் காகிதத்தில் இல்லையென்றால் நான் தொடவே மாட்டேன். நடுவில் இருப்பவர் கடையை மூடினால் யாரிடம் போய் நிற்பது? அமெரிக்காவில் இதே மாதிரி வாரன்டி விற்கும் கார்ஷீல்டு நிறுவனம் விளம்பரத்தில் வாடிக்கையாளர்களை ஏமாற்றியதாக அரசின் வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2024-இல் அந்த நிறுவனம் 1 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. பெரிய நிறுவனத்தின் லட்சணமே இது.

கார் தயாரித்த கம்பெனியே தரும் நீட்டிப்பு வேறு விஷயம். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், டர்போ என்று ஒரே அடியில் பெரிய பில் வரக்கூடிய வண்டியைப் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அதை யோசிக்கலாம். வெளியாள் வாரன்டிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். கமிஷன், அலுவலகச் செலவு, அவர்கள் லாபம் எல்லாம் போகத்தான் நம் ரிப்பேருக்கு மிச்சம். கார் லோனிலேயே சேர்த்துவிட்டால் அதற்கு வட்டி வேறு. அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால், சீலா பம்பா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சரி, என் வாரன்டி என்ன ஆயிற்று? ரத்து செய்துவிட்டேன். மீதி மாதங்களுக்கான பணம், கொஞ்சம் பிடித்தம் போக, திரும்பி வந்தது. இடையில் ரத்து செய்யலாம் என்பதும் போனில் யாரும் சொல்லாத விஷயம். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது.