குருத்தோலையும் பிளாஸ்டிக் தோரணமும்

கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் செப்டம்பர் 1 முதல் அசிசி பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை இயற்கையைப் பேணும் நாட்களாக, ‘படைப்பின் காலம்’ என்று மரக்கன்று நடுவதை உங்கள் இதழில் வந்த கட்டுரையில் பாராட்டியிருக்கிறீர்கள். சரி, நல்லதுதான். ஆனால் எங்கள் பங்குப் பள்ளியில் மூன்று வருடமாக ஒரே குழியில்தான் நடுகிறார்கள். மே மாதம் பள்ளி பூட்டிக் கிடக்கும், தண்ணீர் விட ஆளில்லை, கன்று கருகிவிடும். (போட்டோ மட்டும் பசுமையாக இருக்கும்.) நடுவதும் ஏதோ அலங்காரச் செடி. கடற்கரை மணலுக்குப் புன்னை, பூவரசு, பனை இருக்கும்போது எதற்கு அது? 2017 ஒக்கிப் புயலில் ரப்பரும் வாழையும் சாய்ந்ததைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் இயற்கையைப் பேணுவது பற்றி 2015-ல் எழுதிய ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட முடியாது. ஆனால் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று கோவிலில் தரும் ஓலை இருக்கிறதே! வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்து, அடுத்த வருடம் கோவிலில் திருப்பிக் கொடுக்கிறோம். அதை எரித்த சாம்பல்தான் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நம் நெற்றிக்கு வருகிறது. எதையும் வீணாக்காதே என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

இதை மகளிடம் சொன்னேன். “அப்போ திருவிழாவுக்குக் கட்டின பிளாஸ்டிக் தோரணம் எங்கப்பா போச்சு?” என்றாள். கொடியிறக்கிய மறுநாள் அது எங்கள் குமரிக் கடற்கரையோரம் ஓடும் ஏ.வி.எம். கால்வாயில் மிதந்ததை அவளும் பார்த்திருக்கிறாள். பேச்சை மாற்றிவிட்டேன். இந்த வருடம் குருத்தோலைத் தோரணமே கட்டலாம் என்று எங்கள் கோவிலின் பங்குப்பேரவைக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.