தேய்ந்த ரேகைகள்

தன் அம்மாவைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அம்மாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோது அம்மா பிறந்த தேதிகூடத் தெரியவில்லை என்று கட்டுரையாளர் வருந்துகிறார். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் அப்பத்தாவுக்கும் பிறந்த தேதி கிடையாது. பெருமழையில் கிணறு வழிந்த வருடத்தில் பிறந்தவள், அவ்வளவுதான்.

ஆனால் அவள் கைகளை நான் நன்றாக அறிவேன். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் கைரேகை பதியச் சொன்னார்கள். இயந்திரம் ஏற்கவே இல்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து, பத்து விரல்களையும் மாறி மாறி வைத்துப் பார்த்தாள். ஆயுள் முழுக்கக் களை பறித்து, கயிறு இழுத்து, சாணம் அள்ளியதில் ரேகைகள் தேய்ந்துபோயிருந்தன. ஏதோ தப்புச் செய்தவள்போலக் கையை மடக்கிக்கொண்டாள். இன்றும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

இத்தகைய பெண்களுக்காக அக்டோபர் 15-ஐ உலகக் கிராமப்புறப் பெண்கள் நாளாக ஐ.நா. பொதுச்சபை 2007-இல் அறிவித்தது. நல்ல காரியம். ஆனாலும் படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் அவளுக்கு எழுதப்பட்டது 'இல்லத்தரசி' என்றுதான். விடியுமுன் வயலில் நின்றவள் அவள்!

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். தேதிகளைத் தேடிக் களைத்துவிடாதீர்கள். அம்மா கோழிகளை எப்படிக் கூப்பிடுவார், கோபம் வந்தால் என்ன சொல்வார், அதை எழுதுங்கள். அத்தைமாரையும் பேரப்பிள்ளைகளையும் இப்போதே கேளுங்கள். அப்பத்தா கன்றுக்குட்டியை அழைக்கும் குரல் என் தம்பியின் பழைய கைப்பேசியில் பதினொரு விநாடி இருக்கிறது. அவளைப் பார்த்திராத என் மகள் அதைக் கேட்டுவிட்டு, மறுபடியும் போடச் சொன்னாள்.